பேனிக் அட்டாக்: மாத்திரையா, மூச்சுப் பயிற்சியா, உளவியல் சிகிச்சையா?

முதல் முறை பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உடலை உலுக்கும் கடும் பயத் தாக்குதல், வந்தவர் மனநல மருத்துவரைத் தேடிப் போவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, இதயம் தாறுமாறாக ஓடுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, செத்துவிடுவோம் என்றே தோன்றுகிறது. அவர் ஓடுவது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அது சரியான முடிவும்கூட. ஈசிஜி எடுத்துப் பார்த்து, ரத்தம் பரிசோதித்து, "இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றம்தான்" என்று அனுப்பிவைக்கிறார்கள்.

குழப்பம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஒருவர் மாத்திரை போடச் சொல்வார். இன்னொருவர் மாத்திரைப் பக்கமே போகாதே என்பார். மூச்சுப் பயிற்சி போதும் என்பார்கள், தினமும் ஓடு என்பார்கள், கவுன்சலிங் போ என்பார்கள். இவற்றில் எதுவும் பொய்யான யோசனை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு மாதங்களும் வருடங்களும் வீணாகப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனென்றால் மனநலப் பிரச்சினைகளிலேயே சிகிச்சைக்கு நன்றாக வசப்படுவனவற்றில் இதுவும் ஒன்று.

சரிசெய்ய வேண்டியது எது?

தாக்குதல் என்பது ஒன்று. அடுத்த தாக்குதல் எப்போது வருமோ என்ற பயம் இன்னொன்று. ஒப்பிடுவதற்கு முன் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள். பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். அட்ரினலின் என்ற ஹார்மோன் கிளப்பிவிட்ட ஓட்டம் அது, அதே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட உடலால் முடியாது. வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படி வந்தவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து 25 நாடுகளில் நடந்த மனநலக் கணக்கெடுப்புகளைத் தொகுத்தபோது, 100 பேரில் ஏறத்தாழ 13 பேருக்கு அது வந்திருந்தது. ஆனால் அது தொடர் நோயாக, பேனிக் டிஸார்டராக மாறியவர்கள் 100க்கு இரண்டு பேரைவிடக் குறைவு.

இந்த 13க்கும் இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் முன்வைத்த விளக்கம் இன்றைக்கும் நிற்கிறது. உடலில் சாதாரணமாக எழும் ஒரு உணர்வை, உதாரணமாக ஒரு படபடப்பையோ லேசான தலைச்சுற்றலையோ, "மாரடைப்பு", "மயங்கி விழப்போகிறேன்", "புத்தி பேதலிக்கிறது" என்று மனம் தவறாகப் படிக்கிறது. அந்த எண்ணமே பயத்தை ஏற்றுகிறது, பயம் படபடப்பை ஏற்றுகிறது, ஏறிய படபடப்பு எண்ணத்துக்குச் சாட்சி சொல்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்ட இடம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவுதான். பிறகு பேருந்து, லிஃப்ட், வரிசை, கூட்டம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்குகிறோம். வாழ்க்கையைச் சுருக்குவது இந்தத் தவிர்ப்புதான்.

ஆகவே எந்த வழியைப் பற்றி யோசித்தாலும் நான் கேட்கும் கேள்வி இது: இது இந்தத் தாக்குதலை மட்டும் அடக்குகிறதா, இல்லை அடுத்ததைப் பற்றிய பயத்தையும் கரைக்கிறதா?

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அளவுக்கு மீறிய தைராய்டு சுரப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, ரத்தசோகை, ரத்தத்தில் சர்க்கரை குறைதல் ஆகியவை பதற்றத்தைப் போலவே வேடம் போடும். சில ஆஸ்துமா மருந்துகளும் படபடப்பைக் கிளப்பும். மருத்துவர் ஒருமுறை இவற்றைப் பார்த்துவிடட்டும். ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அறிகுறிகள் மாறாமல் இருக்கும்போது, நிம்மதிக்காக மாதாமாதம் ஈசிஜி எடுப்பது பயத்துக்குத் தீனி போடும்.

கையோடு கிடைக்கும் மாத்திரை

அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம் போன்ற பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் வேகமாக வேலை செய்யும். அதுதான் அவற்றின் கவர்ச்சி, அதுவேதான் ஆபத்தும். போட்டு அரை மணி, முக்கால் மணியில் உடல் தளரும், மனம் அமைதியாகும். ஆனால் தாக்குதல் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும் என்று பார்த்தோமே. மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் நேரத்தில் தாக்குதல் பாதி வழி திரும்பியிருக்கும். இருந்தும் பெயர் மாத்திரைக்குத்தான் போகும். "அது இருந்ததால் பிழைத்தேன்" என்ற பாடம் மனதில் பதியும். பிறகு மாத்திரை பையில் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது.

இது வெறும் ஊகமில்லை. லண்டனிலும் டொரான்டோவிலும் 154 பேரை வைத்து நடந்து 1993இல் வெளியான ஆய்வில், அல்பிரசோலத்தையும், பயப்படும் இடங்களுக்குப் படிப்படியாகப் போய்ப் பழகும் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். சிகிச்சை நடந்தபோது இரண்டுமே உதவின. மாத்திரையை நிறுத்திய பிறகு அதன் பலன் கரைந்தது; பயிற்சியின் பலன் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கோ, பயிற்சி தந்த பலனையும் மாத்திரை அரித்துவிட்டது.

தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தாலே உடல் இதற்குப் பழகிவிடக்கூடும். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த வகை மாத்திரைகள் அனைத்துக்குமான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. பேனிக் டிஸார்டருக்கு இவற்றைக் கொடுக்கவே வேண்டாம் என்பது, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டன் அமைப்பான நைஸின் நிலைப்பாடு. நான் அவ்வளவு முழுசாக மறுக்கமாட்டேன். வேறு மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை, ஒருவர் சாப்பிடாமல் தூங்காமல் தவிக்கிறார் என்றால், இரண்டு மூன்று வாரத்துக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. முடிவுத் தேதி எழுதாமல் கொடுக்கப்படும் சீட்டைத்தான் ஏற்கமாட்டேன்.

ஏற்கெனவே நீண்ட நாளாக எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாக, தேவைப்பட்டால் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும்.

இதயத்துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரை பற்றியும் கேட்பார்கள். மேடை நடுக்கத்துக்கு அது பயன்படும். பேனிக் டிஸார்டருக்கு அதன் ஆதாரம் பலவீனம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

மூச்சுப் பயிற்சி

பதற்றத்தில் நாம் வேகமாக, மேலாக மூச்சு விடுகிறோம். ஆக்ஸிஜன் போதவில்லை என்று தோன்றும், ஆனால் நடப்பது வேறு. கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலைச்சுற்றல், கை கால் மரத்தல், "நான் இங்கேயே இல்லை" என்பது போன்ற விசித்திர உணர்வு எல்லாம் அதிலிருந்து வருபவை. ஆகவே "நல்லா ஆழமா இழுத்து விடு" என்ற வழக்கமான அறிவுரை சில நேரம் நிலைமையை மோசமாக்கும். தேவைப்படுவது மெதுவான மூச்சு: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையை விட்டுவிடுங்கள். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயப் பிரச்சினையாகவோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

செலவில்லாத வழி, பக்கவிளைவில்லாத வழி. பிறகு ஏன் இதை முதலிடத்தில் வைக்கவில்லை? 2000இல் ஒரு ஆய்வுக்குழு உளவியல் சிகிச்சையை மூச்சுப் பயிற்சியோடும், அது இல்லாமலும் கொடுத்துப் பார்த்தது. மூச்சுப் பயிற்சி சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். "மூச்சைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஏதாவது ஆகிவிடும்" என்ற எண்ணத்தோடு செய்தால், பையில் வைத்த மாத்திரை செய்யும் வேலையை மூச்சுப் பயிற்சியும் செய்கிறது. பயம் அப்படியே உள்ளே பத்திரமாக இருக்கும். கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்வது, ஐஸ் கட்டியைப் பிடிப்பது போன்ற கவனத் திருப்பல்களும் இந்த வகைதான். அன்றாடப் பதற்றத்தின் மட்டத்தைக் குறைக்க தினமும் பத்து நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள், நல்லது. அதையே தாக்குதலை எதிர்த்து வீசும் ஆயுதமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

பயத்தை நேருக்கு நேர் பார்க்க வைக்கும் சிகிச்சை

சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைப் பலரும் "பேசி ஆறுதல் பெறுவது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேனிக்குக்கான சிபிடி அப்படிப்பட்டது இல்லை. அது கிட்டத்தட்ட ஒரு பயிற்சி வகுப்பு, வீட்டுப்பாடம் உண்டு. நைஸ் சொல்லும் அளவு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம், வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரமாக, நான்கு மாதங்களுக்குள் முடியும்படி.

முதலில் மேலே சொன்ன சுழற்சியை உங்கள் சொந்த அனுபவத்தை வைத்தே வரைந்து பார்ப்பீர்கள். "மயங்கி விழுவேன்" என்ற எண்ணத்தை உண்மைகளோடு உரசிப் பார்ப்பீர்கள். மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் விழும்போது வருவது. பேனிக்கில் அழுத்தம் ஏறுகிறது. பேனிக் அட்டாக்கில் மயங்கி விழுவது அரிது என்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அறிவு மட்டும் போதாது, உடம்பும் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால் அடுத்த கட்டமாக, பயப்படும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கச் சொல்வார்கள். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, ஒல்லியான ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது, படிக்கட்டில் ஏறி இறங்குவது, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேக மூச்சு விடுவது. கர்ப்பிணிகள், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக்கூடாது. தலை சுற்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், எதுவும் ஆகாது. திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, அந்தப் படபடப்பு வெறும் படபடப்பாக மட்டும் தெரியத் தொடங்கும். அப்புறம் லிஃப்ட், கூட்டம், பயணம் என்று தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவது.

இந்தச் சிகிச்சையின் எந்தக் கூறு அதிகம் உதவுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசல், உடல் உணர்வுகளை வரவழைத்துப் பழகும் இந்தப் பயிற்சியை முன்னால் வைத்தது. தசைகளைத் தளர்த்தும் பயிற்சி பின்தங்கியது. எனக்கு இது முக்கியமான தகவலாகப் படுகிறது. காரணம், "சிபிடி செய்தேன், பலனில்லை" என்று சொல்பவர்களில் பலர் பெற்றது பேச்சும் தளர்வுப் பயிற்சியும்தான். சிகிச்சையின் இதயப் பகுதி அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

குறைகளும் உண்டு. இது கஷ்டமான வேலை, முதல் சில வாரங்கள் பதற்றம் கூடியது போலவும் தெரியும். இதில் முறையாகப் பயிற்சி பெற்ற உளவியலாளர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கட்டணம் பலருக்குப் பெரிய தடை. இணையம் வழியாக, ஓர் உளவியலாளரின் வழிகாட்டுதலோடு நடக்கும் சிபிடி பாடங்களும் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன என்பது இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி.

தினசரி மருந்து

செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம், பராக்ஸடின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளும் வென்லாஃபாக்ஸின் என்ற மருந்தும் பேனிக் டிஸார்டருக்கு நன்கு ஆதாரம் உள்ளவை. இவை தாக்குதல் வந்த பிறகு போடும் மாத்திரைகள் இல்லை. தினமும் எடுத்து, தாக்குதல்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைப்பவை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் அதிகம். பென்சோடயசெபைன் போல ஏங்க வைக்கும் அடிமைத்தனம் இவற்றில் வருவதில்லை. "மனநல மாத்திரை எல்லாமே ஒன்றுதான்" என்று நினைத்து இவற்றையும் மறுப்பவர்கள் தங்களுக்கே அநியாயம் செய்துகொள்கிறார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் இந்த மருந்தே படபடப்பைக் கூட்டலாம். உடல் உணர்வுகளைக் கண்டாலே நடுங்குபவருக்கு இது பெரிய சோதனை. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் வழக்கத்தில் பாதி அளவில், உதாரணமாகச் செர்ட்ரலினை 25 மில்லிகிராமில், தொடங்குவார்கள். குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். பாலுறவு சார்ந்த சிரமங்கள் நீடிக்கலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழிகள் உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணங்கள் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை இருப்பதால், முதல் வாரங்களில் வீட்டில் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு மெதுவாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் மின்சாரம் தாக்கினாற்போன்ற உணர்வும் வரும். அதைப் பேனிக் திரும்பிவிட்டது என்று எண்ணிப் பயப்படுபவர்கள் உண்டு.

இந்த இரண்டில் எது?

உண்மையான போட்டி சிபிடிக்கும் தினசரி மருந்துக்கும் நடுவில்தான். அமெரிக்காவில் நான்கு மையங்களில் 312 பேரை வைத்து நடந்து 2000இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. டேவிட் பார்லோ என்ற உளவியலாளர் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் சிபிடி, இமிப்ரமின் என்ற பழைய தலைமுறை மருந்து, இரண்டும் சேர்ந்தது எல்லாம் ஒப்பிடப்பட்டன. சிகிச்சைக் காலத்தில் மருந்தும் சிபிடியும் ஏறக்குறையச் சமம். எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சிபிடி பெற்றவர்களின் முன்னேற்றம் அதிகம் நிலைத்திருந்தது. பிற்காலத் தொகுப்பாய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன: மருந்து எடுக்கும்வரை இரண்டும் சேர்ந்தது சற்று முன்னே நிற்கும், நிறுத்திய பிறகு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட உளவியல் சிகிச்சையும் பெற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

ஆகவே நல்ல சிகிச்சையாளர் கிடைத்து, வீட்டுப்பாடம் செய்யும் தெம்பும் இருந்தால், நான் சிபிடியைத்தான் முதலில் சொல்வேன். குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அழுத்திச் சொல்வேன். ஏற்கெனவே மருந்தில் இருக்கும் கர்ப்பிணி மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. மனச்சோர்வும் கூடவே இருந்தால், வீட்டை விட்டு நகரவே முடியாத அளவுக்குத் தாக்குதல்கள் இருந்தால், அல்லது சிகிச்சையாளர் அருகில் இல்லையென்றால், தினசரி மருந்தில் தொடங்குவதில் எந்தத் தோல்வியும் இல்லை. மருந்து கொஞ்சம் தலைதூக்க விட்டதும், தவிர்த்த இடங்களுக்குப் போகத் தொடங்குங்கள். மருந்தால் வந்த தெம்பை அங்கே செலவிடாவிட்டால் அது மருந்தோடு போய்விடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் பிறகு. அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போக வேண்டும்.

எப்போதாவது ஒருமுறை தாக்குதல் வந்து, எதையும் தவிர்க்காமல் வாழ்பவருக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாமல் போகலாம். உடலில் என்ன நடக்கிறது என்ற தெளிவும் சில பழக்க மாற்றங்களும் போதும். காபியையும் எனர்ஜி பானங்களையும் குறைத்துப் பாருங்கள். அதிக கஃபீன் கொடுத்து, பேனிக் உள்ளவர்களுக்குத் தாக்குதலை வரவழைத்துக் காட்டிய சோதனைகளே உண்டு. மது அன்றிரவு அமைதி தரும், மறுநாள் காலை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். உடற்பயிற்சியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 1998இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், பத்து வாரம் ஓடியவர்கள் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். குளோமிப்ரமின் மருந்து அதைவிட வேகமாகவும் அதிகமாகவும் உதவியது. ஓடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: வேகமான இதயத்துடிப்பும் மூச்சிரைப்பும் ஆபத்தில்லை என்று உடம்பு தினமும் கற்றுக்கொள்கிறது.

தாக்குதல் வந்தேவிட்டால்? முடிந்தவரை இருந்த இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டினால் மட்டும் ஓரமாக நிறுத்துங்கள். "சரி, இது அதுதான், ஏறும், இறங்கும்" என்று சொல்லிக்கொண்டு, எதிர்த்துப் போராடாமல் விடுங்கள். இறங்கிய பிறகு, செய்துகொண்டிருந்த வேலைக்கே திரும்புங்கள். கூட இருப்பவர்கள் "ஒன்றுமில்லை, கற்பனை பண்ணிக்காதே" என்று சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. அந்தப் பயம் கற்பனை இல்லை. "கூடவே இருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்" என்றால் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். பலனைத் தாக்குதல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்காமல், முன்பு போக முடியாத எத்தனை இடங்களுக்கு இப்போது போகிறீர்கள் என்று எழுதி வைத்து அளந்து பாருங்கள். அந்தப் பட்டியல் நீளவில்லை என்றால் மருந்தையோ முறையையோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். உளவியலாளரிடம் போவதாக இருந்தால் முதல் சந்திப்பிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "பயப்படும் உடல் உணர்வுகளை வரவழைத்துப் பழகும் பயிற்சியும், தவிர்க்கும் இடங்களுக்குப் போகும் பயிற்சியும் இந்தச் சிகிச்சையில் உண்டா?" இல்லை என்று பதில் வந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.